2147483647 என்ற பகா எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரல் எழுதுபவர்களுக்கு இந்தப் பத்து இலக்க எண் ஓர் எல்லைக்கல். கணிதம் படித்தவர்களுக்கு இது 18ஆம் நூற்றாண்டுக் கணிதர் ஆய்லர் நிரூபித்த பகா எண். ஒரே எண் இரண்டு இடத்திலும் எப்படி வந்து நிற்கிறது, கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இதைப் பகா எண் என்று எப்படி உறுதியாகச் சொன்னார்கள், இதைவிடப் பெரியவற்றை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். பத்தாம் வகுப்புக் கணக்கு நினைவிருந்தால் போதும். ஓரிரு இடங்களில் பேப்பரும் பேனாவும் கையில் இருந்தால் நல்லது.

முதலில், இது எவ்வளவு பெரிய எண்?

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இரண்டை 31 முறை எழுதிப் பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். சுருக்கமாக 2³¹ − 1.

சதுரங்கப் பலகையில் நெல் வைக்கச் சொன்ன பழைய கதை தெரியும் அல்லவா? முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு. அப்படியே 31ஆம் கட்டம் வரை வைத்தால் பலகையில் இருக்கும் மொத்த நெல் துல்லியமாக 2147483647. ஒரு நெல் 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் 53 டன்னுக்கு மேல். பலகையில் பாதிகூட இன்னும் தாண்டவில்லை.

2, 3, 5, 7 என்று பகா எண்களை வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தால் இது 10,50,97,565ஆவது ஆளாக வரும். இதைவிட முக்கியம் இதன் இரும வடிவம், அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்து எழுதும் வடிவம். அதில் எழுதினால் 31 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், நடுவில் ஒரு பூஜ்ஜியம்கூட இல்லை. கீழே சொல்லப்போகும் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இந்த வடிவத்திலிருந்துதான் வருகின்றன. எண்ணின் அளவுக்கு அதில் பெரிய பங்கில்லை.

31 பகா எண் என்பதால் 2³¹ − 1 பகா எண்ணாகிவிட்டதா?

இல்லை. ஆனால் 31 பகா எண்ணாக இல்லாமல் போயிருந்தால் இதற்கு வாய்ப்பே இருந்திருக்காது.

2⁶ − 1, அதாவது 63ஐப் பாருங்கள். இரும வடிவில் 111111. இதை 11, 11, 11 என்று மூன்று சம துண்டுகளாக வெட்டலாம். அப்படியானால் இரும வடிவில் 11 என்று எழுதப்படும் 3 இதை மீதியின்றி வகுக்கும். 111, 111 என்று இரண்டாகவும் வெட்டலாம், ஆகவே 7ம் வகுக்கும். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் இப்படிச் சம துண்டாக வெட்டி விடலாம், எண் உடைந்துவிடும். 31 ஒன்றுகளை அப்படி வெட்ட வழியில்லை.

வெட்ட முடியாது என்பதாலேயே பகா எண் என்று சொல்லிவிடவும் முடியாது. 11 பகா எண்தான், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. 2²³ − 1ஐ 47 வகுக்கும். 2²⁹ − 1ஐ 233 வகுக்கும். 31க்குப் பக்கத்திலேயே இருக்கும் 29 கவிழ்ந்துவிட்டது, 31 தப்பித்தது. ஏன் என்று ஒரு வரியில் சொல்லக்கூடிய காரணம் யாரிடமும் இல்லை. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

"கண்டுபிடித்தது" என்றால் யாரைச் சொல்வது என்பது கொஞ்சம் சிக்கல்தான். இத்தாலியின் பியெத்ரோ கடால்டி 1588இல் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்று வகுத்துப் பார்த்தே காட்டினார். அது பாராட்ட வேண்டிய உழைப்பு. அதோடு நிறுத்தாமல் அடுக்கு 23, 29, 31, 37 ஆகியவற்றுக்கும் பகா எண்தான் வரும் என்று சொல்லி வைத்தார். நாலில் ஒன்றுதான் சரி, அது 31. 1640இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 2²³ − 1ஐயும் 2³⁷ − 1ஐயும் காரணிகளாக உடைத்தார். 1738இல் ஆய்லர் 2²⁹ − 1ஐ உடைத்தார்.

இடையில் 1644இல் மரீன் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 257 வரை எந்தெந்த அடுக்குகளுக்குப் பகா எண் வரும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். 31 அதில் இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் 67, 257 என்ற இரண்டு தவறான அடுக்குகளும் இருந்தன. 61, 89, 107 விடுபட்டிருந்தன. இருந்தாலும் இந்த வகை எண்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்து வரும் பகா எண்ணை இன்றும் மெர்சென் பகா எண் என்றுதான் சொல்கிறோம். 2147483647 அந்த வரிசையில் எட்டாவது.

நிரூபித்தவர் என்றால் சந்தேகமில்லாமல் ஆய்லர், 1772இல். அப்போது அவர் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். வயது அறுபத்தைந்தை நெருங்கியிருந்தது. பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது.

ஆய்லர் எப்படி நிரூபித்தார்?

இந்தப் பக்கத்திலேயே கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படிக்க வேண்டிய பதில் இதுதான்.

பள்ளிக்கூட வழி என்ன சொல்கிறது? ஓர் எண்ணுக்குக் காரணிகள் இருந்தால் அவற்றில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்துக்குள் அடங்கும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46,341க்குச் சற்றுக் குறைவு. அதற்குள் ஏறக்குறைய 4,800 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் ஒரு பத்து இலக்க எண்ணைக் கையால் வகுக்க வேண்டும். நாளொன்றுக்கு ஐம்பது என்று உட்கார்ந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஆய்லர் அதைச் செய்யவில்லை. எந்தெந்த எண்களால் வகுத்துப் பார்க்கவே தேவையில்லை என்பதை முதலில் யோசித்தார்.

நம் எண்ணுக்கு ப என்ற பகாக் காரணி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹ஐ ப ஆல் வகுக்கும்போது மீதி 1. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி இரண்டின் (ப − 1)ஆம் அடுக்கை வகுத்தாலும் மீதி 1. இரண்டின் அடுக்குகளை வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப வரும். மீதி 1 தட்டுப்படும் ஒவ்வோர் அடுக்கும் அந்தச் சுற்றின் நீளத்தின் மடங்காக இருந்தாக வேண்டும். 31ஆம் அடுக்கில் மீதி 1 என்றால் சுற்றின் நீளம் 31இன் காரணி. 31 பகா எண், ஆகவே நீளம் 1 அல்லது 31. நீளம் 1 என்றால் 2ஐ வகுத்தாலே மீதி 1 வர வேண்டும், எந்தப் பகா எண்ணுக்கும் அது நடக்காது. ஆக நீளம் 31. அதே சுற்று (ப − 1)ஐயும் வகுக்க வேண்டும். ப ஒற்றைப்படை, ஆகவே (ப − 1) இரட்டைப்படை. முடிவு: ப என்பது 62இன் மடங்கைவிட ஒன்று கூடுதல். மேலே சொன்ன 2047ஐ இதே கண்ணால் பாருங்கள். அங்கே அடுக்கு 11, ஆகவே காரணிகள் 22இன் மடங்கு கூட்டல் 1 ஆக இருக்க வேண்டும். 23 = 22 + 1, 89 = 88 + 1. பொருந்துகிறது.

இது முதல் சல்லடை. இரண்டாவது சல்லடை இன்னும் அழகு. 2³¹க்கு மீதி 1 என்றால் 2³²க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶இன் வர்க்கம். அப்படியானால் ப ஆல் வகுக்கும்போது மீதி 2 தரும் ஒரு வர்க்க எண் இருக்கிறது. இந்தக் குணம் எல்லாப் பகா எண்ணுக்கும் கிடையாது. 7க்கு உண்டு (9ஐ வகுத்தால் மீதி 2), 17க்கு உண்டு (36ஐ வகுத்தால் மீதி 2). 5க்கும் 11க்கும் எத்தனை வர்க்கங்களை வகுத்துப் பார்த்தாலும் மீதி 2 வராது. எட்டால் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வரும் ஒற்றைப் பகா எண்களுக்கு மட்டும்தான் அது அமையும்.

இரண்டு சல்லடைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், ப என்பது 248இன் மடங்கு கூட்டல் 1 ஆகவோ, 248இன் மடங்கு கூட்டல் 63 ஆகவோ மட்டுமே இருக்க முடியும். பெர்னூலி என்ற கணிதக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் குறிப்பிட்டது இந்த இரண்டு வடிவங்களைத்தான். 46,340 வரை இப்படிப்பட்ட எண்கள் 370 சொச்சம்தான். அவற்றிலும் பகு எண்களை ஒதுக்கிவிட்டால் எண்பது சொச்சம்தான் தேறும்.

நாமே தொடங்கிப் பார்க்கலாம். 63 பகு எண். 249 = 3 × 83, அதுவும் வேண்டாம். 311 பகா எண். 2147483647ஐ 311ஆல் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. அப்புறம் 497 = 7 × 71, 559 = 13 × 43. இப்படியே விலக்கிக்கொண்டு போனால் அடுத்த பகா எண் 1303. மீதி 226. அதற்கடுத்து 1489. மீதி 199. இப்படியே 46,340 வரை போக வேண்டும், எங்கேயும் மீதி பூஜ்ஜியம் வராது. ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்தால் கையாலேயே முடித்துவிடலாம், கைவலிதான் மிஞ்சும்.

அதன்பின் பல பத்தாண்டுகள் உலகில் அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண் இதுவாகவே இருந்தது. 1811இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலக் கணிதர், இதிலிருந்து கிடைக்கும் நிறைவு எண்ணைவிடப் பெரிய நிறைவு எண்ணை யாரும் இனிக் கண்டுபிடிக்கப் போவதில்லை, இவை வெறும் ஆர்வத்துக்கானவை, பயனில்லாதவை, யார் மெனக்கெடப் போகிறார்கள் என்ற பொருளில் எழுதினார். மனிதர்களின் மெனக்கெடலை அவர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்.

நிறைவு எண் என்றீர்களே, அது என்ன?

தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் கூடுதல் தானாகவே வரும் எண். 6 = 1 + 2 + 3. அடுத்தது 28 = 1 + 2 + 4 + 7 + 14. 2³¹ − 1 பகா எண்ணாக இருப்பதால் அதை 2³⁰ஆல் பெருக்கினால் ஒரு நிறைவு எண் கிடைக்கும் என்பது யூக்ளிட் காலத்திலேயே தெரிந்த வழி. விடை 2305843008139952128, எட்டாவது நிறைவு எண். இரட்டைப்படை நிறைவு எண்கள் எல்லாமே மெர்சென் பகா எண்ணிலிருந்து இப்படித்தான் வர முடியும் என்று காட்டியவரும் ஆய்லர்தான். ஒற்றைப்படையில் ஒன்றாவது இருக்கிறதா என்பது இன்றுவரை தீராத கேள்வி.

இன்றைக்குக் கணினி இதை எப்படிச் சோதிக்கும்?

பத்து இலக்க எண்ணுக்குக் கணினி எந்த வழியில் போனாலும் கண்ணிமைக்கும் முன் முடித்துவிடும். ஆனால் லட்சக்கணக்கான இலக்கங்கள் உள்ள எண்ணுக்கு ஆய்லரின் சல்லடையும் போதாது. அதற்கு எடுவார் லூக்கா 1870களில் கண்டுபிடித்து, பிறகு டெரிக் லெமர் செப்பனிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. மெர்சென் வடிவ எண்களுக்கு மட்டுமே பொருந்துவது.

4இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2ஐக் கழியுங்கள். விடை சோதிக்கும் எண்ணைத் தாண்டினால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதையே திரும்பச் செய்யுங்கள். கடைசியில் பூஜ்ஜியம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை.

127க்குச் செய்து பார்ப்போம், அதாவது 2⁷ − 1. ஐந்து தடவை செய்ய வேண்டும். 4இலிருந்து 14. 14இன் வர்க்கம் 196, கழித்தால் 194, மீதி 67. 67இன் வர்க்கத்தில் 2 போக 4487, மீதி 42. 42இன் வர்க்கத்தில் 2 போக 1762, மீதி 111. 111இன் வர்க்கத்தில் 2 போக 12319. இது சரியாக 127 × 97. மீதி பூஜ்ஜியம். 127 பகா எண்.

நம் எண்ணுக்கு 29 தடவை. 4, 14, 194, 37634, 1416317954 என்று முதல் நாலு தடவை வகுக்கவே தேவையில்லை, அதற்குப் பிறகுதான் மீதி எடுக்க வேண்டி வரும். ஆய்லர் எண்பது சொச்சம் வகுத்தல் செய்த இடத்தில் 29 வர்க்கங்கள் போதும். லூக்கா 1876இல் 2¹²⁷ − 1 பகா எண் என்று அறிவித்தார். அதற்கு 39 இலக்கங்கள். 75 ஆண்டுகள் அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சோதனை தோல்வியில் முடிந்தால் "பகு எண்" என்று மட்டும்தான் சொல்லும், காரணி எது என்று சொல்லாது. 2⁶⁷ − 1 பகு எண் என்று லூக்காவே காட்டினார். அதன் காரணிகளை, 193707721 × 761838257287 என்று, அமெரிக்கர் ஃபிராங்க் நெல்சன் கோல் கண்டுபிடித்து வெளியிட 1903 ஆகிவிட்டது.

கணினியில் முழு எண்ணின் எல்லை ஏன் இதே எண்? தற்செயலா?

எல்லை தற்செயல் இல்லை. அது பகா எண்ணாக இருப்பதுதான் தற்செயல்.

பிட் என்பது 0 அல்லது 1 வைக்கும் ஓர் இடம். 32 பிட் இடத்தில் ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்களிலும் ஒன்று போட்டால் வருவது 2³¹ − 1. அதோடு ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலான கணினிகளில் எண் சட்டென்று −2147483648 ஆகக் கவிழும். 8 பிட்டின் எல்லை 127, அதுவும் பகா எண். 16 பிட்டின் எல்லை 32767 = 7 × 31 × 151, பகா எண் இல்லை. இப்போது பரவலாக இருக்கும் 64 பிட்டின் எல்லை 2⁶³ − 1. 63 ஒன்றுகளை மூன்று மூன்றாக வெட்டலாம், ஆகவே 7 வகுத்துவிடும். "கணினியின் எல்லை எண்கள் எல்லாம் பகா எண்கள்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், நம்ப வேண்டாம்.

2014 டிசம்பரில் ஒரு தென்கொரியப் பாடலின் காணொளி யூடியூபில் இந்த எண்ணைத் தாண்டியபோது பார்வை எண்ணிக்கைக்கான இடத்தை 64 பிட்டாகப் பெரிதாக்கினார்கள். அடுத்து வரப்போவது 2038. 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை 32 பிட்டில் எண்ணிக்கொண்டு வரும் பழைய கருவிகளுக்கு 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியில் 2147483647ஆவது வினாடி வந்துவிடும். அடுத்த வினாடியில் மாற்றப்படாத கருவிகளின் கடிகாரம் 1901க்குப் போய்விடும்.

பகா எண்ணாக இருப்பதால் நிரலுக்கு ஏதாவது லாபம் உண்டா?

உண்டு. ரேண்டம் எண்கள். 1988இல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சத் தரம் என்று பரிந்துரைத்த முறை இது: ஓர் எண்ணை எடு, 16807ஆல் பெருக்கு, 2147483647ஆல் வகுத்து மீதியை எடு, அதையே அடுத்த எண்ணாக வைத்துக்கொள். 1இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று போகும். 1 முதல் 2147483646 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒருமுறை வந்த பிறகுதான் சுற்று திரும்பும். 16807 என்பது 7⁵. வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதும், 7 அதற்கு மூல வேராக அமைவதும் (7இன் அடுக்குகளை அதனால் வகுத்துக்கொண்டே போனால் பூஜ்ஜியம் தவிர எல்லா மீதியும் வந்துவிடும்) சேர்ந்துதான் இந்த முழுச் சுற்றைத் தருகின்றன. சி++ மொழியின் நூலகத்தில் இது இன்றும் இருக்கிறது. விளையாட்டுக்கும் சின்னச் சின்னச் சோதனைகளுக்கும் சரி, கடவுச்சொல் உருவாக்க மட்டும் இதைத் தொடாதீர்கள். ஓர் எண் தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும்.

இங்கே வடிவத்தின் லாபம் ஒன்று இருக்கிறது. 2³¹ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1. ஆகவே வகுக்கவே வேண்டாம், 31 பிட்களுக்கு மேலே வழிந்த பகுதியை எடுத்துக் கீழே கூட்டினால் போதும். 282475249ஐ 16807ஆல் பெருக்கினால் 4747561509943. இதில் 2³¹ = 2147483648 என்ற துண்டு 2210 முறை இருக்கிறது, மிச்சம் 1622647863. அந்த 2210ஐ மிச்சத்தோடு கூட்டுங்கள்: 1622650073. மேலே வரிசையில் வந்த அதே எண். வகுத்தல் இல்லை, ஒரு வெட்டு, ஒரு கூட்டல். லூக்கா-லெமர் சோதனை வேகமாக ஓடுவதற்கும் இதே தந்திரம் பெரிய காரணம்.

இதற்கு இரட்டைப் பகா எண் உண்டா?

இரண்டு வித்தியாசத்தில் நிற்கும் பகா எண் ஜோடியைத்தான் இரட்டைப் பகா எண்கள் என்பார்கள். இதற்கு அப்படி ஜோடி இல்லை. இரண்டு குறைத்தால் 2147483645, ஐந்தில் முடிகிறது. இரண்டு கூட்டினால் 2147483649, இலக்கங்களின் கூடுதல் 48, மூன்றால் வகுபடும். முன்னால் இருக்கும் பகா எண் 2147483629, பின்னால் இருப்பது 2147483659.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா?

முடியாது. நாலால் வகுத்தால் மீதி 3 வரும் எந்த எண்ணையும் அப்படி எழுத முடியாது.

31ம் மெர்சென் பகா எண், 2³¹ − 1ம் மெர்சென் பகா எண். அப்படியானால் இதையே அடுக்காக வைத்தால்?

நல்ல கேள்வி, பலரும் ஆசைப்பட்ட கேள்வி. 3 = 2² − 1 என்பதை அடுக்காக வைத்தால் 7. 7ஐ அடுக்காக வைத்தால் 127. 31ஐ வைத்தால் நம் எண். 127ஐ வைத்தால் லூக்காவின் 39 இலக்க எண். நாலும் பகா எண்கள். இந்த வரிசையைப் பார்த்தால் யாருக்கும் ஒரு நம்பிக்கை பிறக்கும். அடுத்த மெர்சென் பகா எண் 8191. அதை அடுக்காக வைத்தபோதே நம்பிக்கை உடைந்தது. இரண்டின் 2147483647ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் வரும் எண்ணுக்கு 64 கோடிக்கும் மேல் இலக்கங்கள். ஆனால் அதை வீழ்த்த 15 இலக்கக் காரணி ஒன்று போதுமாக இருந்தது: 295257526626031. ஆய்லரின் முதல் சல்லடையை இதிலும் போட்டுப் பாருங்கள். இதில் ஒன்றைக் கழித்து, 2147483647இன் இரு மடங்கால் வகுத்தால் மீதியில்லாமல் 68745 வரும்.

வாட்ஸ்அப், வங்கிப் பாதுகாப்பில் இந்த எண் பயன்படுகிறதா?

இந்த எண் இல்லை, ரொம்பச் சின்னது. ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறைக்கு முந்நூறு இலக்கம் அளவில் இரண்டு பகா எண்கள் வேண்டும், அவை ரகசியமாக இருக்க வேண்டும். ஊருக்கே தெரிந்த மெர்சென் பகா எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அங்கே உதவாது.

நீள்வட்ட வளைவு முறை என்ற இன்னொரு மறையாக்க முறையில் நிலைமை வேறு. அங்கே பகா எண்ணை ஒளிக்கத் தேவையில்லை, ரகசியம் வேறிடத்தில் இருக்கிறது. ஆகவே கணக்கு வேகமாக நடக்கும் வடிவமாகப் பார்த்து எடுக்கிறார்கள். வாட்ஸ்அப்பும் சிக்னலும் பயன்படுத்தும் வளைவின் அடிப்படை 2²⁵⁵ − 19 என்ற 77 இலக்கப் பகா எண். அமெரிக்கத் தர நிறுவனத்தின் வளைவுகளில் ஒன்று 2⁵²¹ − 1ஐ எடுத்துக்கொள்கிறது, அது மெர்சென் பகா எண்ணேதான். 1952 ஜனவரியில் ராஃபேல் ராபின்சன் எழுதிய நிரலை ஓட்டி, அமெரிக்காவின் ஸ்வாக் கணினி கண்டுபிடித்தது. பயனில்லாதவை என்று பார்லோ சொன்ன வகையைச் சேர்ந்த எண்!

பகா எண் சோதனையில் இந்தியர் பங்கு ஏதாவது?

பெரிய பங்கு. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் எந்த எண்ணைக் கொடுத்தாலும், நிரூபிக்கப்படாத எந்த ஊகத்தையும் நம்பாமல், இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பல்லுறுப்புக் கோவை அளவு நேரத்துக்குள் (இலக்கங்கள் கூடினாலும் நேரம் கட்டுக்கடங்காமல் பெருகாது) அது பகா எண்ணா என்று உறுதியாகச் சொல்லும் முறையை வெளியிட்டார்கள். அப்படி ஒன்று இருக்க முடியுமா என்பதே அதுவரை திறந்த கேள்வி. 2006இல் கணினி அறிவியலுக்கான கேடல் பரிசு கிடைத்தது. நடைமுறையில் மெர்சென் எண்களுக்கு லூக்கா-லெமர் முறைதான் வெகு வேகம். ஆனால் லூக்கா-லெமர் ஒரு வடிவத்துக்கு மட்டும், கான்பூர் முறை எல்லா எண்ணுக்கும்.

இப்போது அறியப்பட்டதில் மிகப் பெரிய பகா எண் எது?

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. இரண்டின் 136279841ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். அறியப்பட்ட 52ஆவது மெர்சென் பகா எண். ஜார்ஜ் வோல்ட்மேன் 1996இல் தொடங்கிய கிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சியில், லூக் டியூரன்ட் என்ற அமெரிக்கர் பல நாடுகளின் தரவு மையங்களில் இருந்த கிராஃபிக்ஸ் செயலிகளை வாடகைக்குப் பிடித்துத் தேடியதில் கிடைத்தது. இதற்கு முந்தைய சாதனை எண் 2018 டிசம்பரில் வந்தது, அதற்கு 2,48,62,048 இலக்கங்கள். மிகப் பெரிய பகா எண் என்றாலே பெரும்பாலும் மெர்சென் வடிவமாக இருப்பதற்குக் காரணம் அந்த வடிவில் பகா எண்கள் அதிகம் என்பதல்ல. சோதிக்க எளிதான வடிவம் அது, அவ்வளவுதான்.

மெர்சென் பகா எண்கள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா?

யாரும் நிரூபிக்கவில்லை. வரும் என்றுதான் பெரும்பாலான கணிதர்கள் நினைக்கிறார்கள்.

நானும் தேடலாமா?

தாராளமாக. கிம்ப்ஸின் பிரைம்95 நிரல் இலவசம். இறக்கி வைத்துவிட்டால் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும், சோதிக்க வேண்டிய அடுக்கை அதுவே வாங்கிக்கொள்ளும். சாதாரண வீட்டுக் கணினியில் ஓர் அடுக்கை முடிக்கவே நாள் கணக்கில் ஆகலாம். மடிக்கணினி என்றால் சூடாகும், மின்கட்டணமும் ஏறும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பத்துக் கோடி இலக்கங்களைத் தொடும் முதல் பகா எண்ணுக்கு அமெரிக்காவின் மின்னணு எல்லை அறக்கட்டளை 1,50,000 டாலர் பரிசு அறிவித்திருக்கிறது. அதை யாரும் இன்னும் வாங்கவில்லை.